கொத்தாத அம்மி

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாக வாசித்து வருகிறேன். பெங்களூரில் பத்து வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, போன தை மாதம் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். திருவிடைமருதூர் பக்கம். மூன்று ஏக்கர் நிலம். மனைவி, இரண்டு வயதில் ஒரு மகள், என் அம்மா.

வந்ததும் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் பரணில் ஏற்றிவிட்டோம். அம்மியில் அரைக்கிறோம், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறோம், மத்தால் தயிர் கடைகிறோம். ருசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மின்சாரமும் மிச்சம். அம்மி அரைப்பது பெண்களின் கர்ப்பப்பைக்கு மிக நல்ல பயிற்சி, அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாம் சுகப்பிரசவம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். என் மனைவியும் சம்மதித்துவிட்டாள்.

ஒரே பிரச்சினை அம்மிதான். சாலையோரத்தில் வாங்கியது. முதல் வாரம் சட்னியில் மணல் நெருடியது. இப்போது மூன்று மாதத்தில் குழவி வழுக்குகிறது. மிளகாய்த் தோல் தோலாகவே நிற்கிறது. நாங்கள் வாங்கியது மட்டமான கல்லா? எந்த ஊர்க் கல் நல்ல கல்? இப்படிப் பழைய கருவிகளுக்குத் திரும்புவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்ததும் பதில் எழுதுகிற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. உங்களுடையது வந்த நேரம் அப்படி. அன்று காலையில்தான் ஊரிலிருந்து என் தம்பி மகன் போன் செய்திருந்தான். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறார்கள். "அத்தை, கொல்லையில கெடக்குற ஆட்டுக்கல்ல என்ன பண்ணட்டும்? மேஸ்திரி அஸ்திவாரத்துல போட்டுடலாங்குறாரு. கும்பகோணத்துல ஓட்டல் கட்டுற ஒருத்தரு, வாசல்ல வச்சுத் தண்ணி ஊத்திப் பூ மெதக்க விடணுமாம், ஆயிரத்தைந்நூறு தரேங்குறாரு" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு கல்லுக்கு என்ன யோசனை என்று அவன் நினைத்திருப்பான். மூன்று நாளாயிற்று, இன்னும் நான் சொல்லவில்லை. நடுவில் உங்கள் கடிதம்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன்.

மின்சாரம் மிச்சம் என்கிறீர்கள். உங்கள் மிக்ஸி 750 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சட்னி, மசாலா எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் ஓடும். இருபது நாள் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட். 2016லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டுக்குக் காசே கிடையாது. பெங்களூரிலிருந்து வந்தவர் வீட்டில் ஏ.சி. இல்லாமல் இருக்காது. அந்த மூன்று யூனிட்டை அது இரண்டு மணி நேரத்தில் தின்றுவிடும். மிக்ஸியைப் பரணில் ஏற்றியதை எழுதியிருக்கிறீர்கள், ஏ.சி.யை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. போகட்டும்.

ருசியில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மிக்ஸியின் பிளேடு வெட்டும், கல் நசுக்கும். மிக்ஸியில் அடித்தால் வெங்காயம் கசந்துபோகும். துவையலை உருட்டி வழித்த பிறகு, அம்மியிலேயே ஒரு பிடி சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து தின்று வளர்ந்தவள் நான். அந்த ஒரு பிடிக்கு நானும் என் தம்பியும் அடித்துக்கொள்வோம்.

கர்ப்பப்பை. அந்தக் காணொளியை எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்று பேரும் ஆண்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி ஒன்பது பெற்றவள். அம்மி, ஆட்டுக்கல், உரல், உளுந்து உடைக்கிற கல் எந்திரம் எல்லாவற்றிலும் உழைத்தவள். ஒன்பதில் நாலைப் புதைத்தாள். ஐந்தாவதுக்குப் பிறகு அடிவயிறு இறங்கிப்போய், அதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, முப்பது வருஷம் துணி வைத்துக் கட்டிக்கொண்டு அதே ஆட்டுக்கல் முன்னால்தான் உட்கார்ந்தாள். அவள் செத்துக் குளிப்பாட்டும்போதுதான் வீட்டுப் பெண்களுக்கே தெரிந்தது. இதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. நாங்கள் கூசிக் கூசி வாயை மூடிக்கொண்டதால்தான் உங்கள் காணொளிக்காரர் வாயைத் திறந்திருக்கிறார். அடுத்த தடவை அது வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இனி அந்த ஒரு வரி. "என் மனைவியும் சம்மதித்துவிட்டாள்." கடிதத்தை நாலு தரம் வாசித்தேன் தம்பி. அரைக்கிறோம், ஆட்டுகிறோம், கடைகிறோம் என்று எல்லாம் பன்மையில் இருக்கிறது. எத்தனை தரம் நீங்கள் அம்மி முன்னால் குந்தினீர்கள்? குழவி வழுக்குவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, கையா சொன்னது, மனைவியா? மிளகாய்த் தோல் தோலாக நிற்பது சாப்பிட உட்கார்ந்தவனுக்குத் தெரிகிற விஷயம். அரைத்தவளுக்கு அதற்கு அரைமணி முன்னாலேயே தோளில் தெரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குத் திரும்பி வந்து மண்ணில் கால் வைத்த பிள்ளையை அடிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

எந்த ஊர்க் கல் நல்ல கல் என்கிறீர்கள். நம் ஊர்க் கல் என்று ஒன்று கிடையவே கிடையாது. இது காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். தோண்டினால் களி, கீழே மணல், அதற்குக் கீழே மறுபடியும் களி. சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் நாய்மேல் எறிய ஒரு கல் கிடைக்காது. மண்ணாங்கட்டியைத்தான் எறிவோம், அது பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அந்தக் கல்லை எப்படிக் கொண்டுவந்தான், எப்படி ஏற்றினான் என்று ராஜராஜனைப் பற்றி ஆயிரம் வருஷமாகப் பேசி மாளவில்லை. கல்லே இல்லாத இந்தச் சீமையில் ஒவ்வொரு அடுப்படிக்கும் ஓர் அம்மியும் ஓர் ஆட்டுக்கல்லும் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்திருக்கிறதே, அதை யாராவது பேசுகிறோமா?

கல்யாணத்தில் பெண்ணின் காலை எடுத்து அம்மிமேல் வைக்கிறார்கள். கல்லைப் போல உறுதியாக இரு என்று அர்த்தம் சொல்வார்கள். என் அத்தை வேறு அர்த்தம் சொன்னாள். "நாளையிலேருந்து இதுதாண்டி ஒன் எடம்னு காட்டி வைக்கிறாங்க."

அத்தைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கல்.

உங்கள் கல் மட்டமில்லை. அதைக் கொத்தவில்லை, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் சாலையோரம் விற்கிற அம்மியை மெஷினில் அறுத்து வழவழவென்று கொடுக்கிறார்கள். மேலே பேருக்கு நாலு கொத்து. அந்த நாலும் உதிர்ந்ததுதான் உங்கள் முதல் வாரத்து மணல். உதிர்ந்து முடிந்ததும் வழுக்க ஆரம்பித்துவிட்டது. நல்ல கருங்கல்லே ஆனாலும் அரைக்க அரைக்கத் தேயும். அம்மியில் அரைப்பது கல்லின் பளபளப்பு இல்லை, அதில் உளியால் போட்ட பள்ளங்களின் விளிம்பு. விளிம்பு மழுங்கினால் அம்மி வெறும் பலகை.

அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவர் வருவார். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ" என்று தெருமுனையில் குரல் கேட்கும். தோளில் ஒரு சாக்குப்பை. அதில் மூன்று நாலு உளி, ஒரு சுத்தியல், ஒரு பழைய துணி. எங்கள் வீட்டில் அவர் முன்வாசல் வழியாக வந்ததில்லை, கொல்லைப்பக்கம்தான். சாக்கை விரித்து உட்கார்ந்து, குழவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உளியைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கையால் அம்மியை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். கண் வேறெங்கோ இருக்கும். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும் அது. பிறகு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாகக் கொத்திக்கொண்டு வருவார். எங்களைக் கிட்ட விடமாட்டார்கள், சில்லு கண்ணில் தெறிக்கும். முருங்கை மரத்தடியில் நின்று பார்ப்போம். உச்சி வெயிலில்கூடச் சில சமயம் ஒரு பொறி தெரியும். கல் சூடேறிய ஒரு வாசனை வரும். மழை வாசனையைப் பற்றி எழுதாத எழுத்தாளர் இல்லை, இந்த வாசனையைப் பற்றி நானும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். முடிந்ததும் அம்மி முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளுத்து, அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். கூலி ஒரு மரக்கால் நெல்லோ என்னவோ, வாங்கி முடிந்துகொண்டு போய்விடுவார்.

ஒரு தரம், எனக்குப் பத்து வயது இருக்கும், அவர் அம்மியைத் தடவிப் பார்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஒரே ஆளு அரைக்குற கல்லு இது. வருசக்கணக்கா கை மாறவே இல்ல."

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். சொன்னவர் முன்வாசல் வழியாக வரக்கூடாதவர்.

நீங்கள் கல்லை வாங்கிவிட்டீர்கள் தம்பி. அந்த மனிதரை எங்கே போய் வாங்குவீர்கள்? அம்மி ஒரு பொருள் என்று நினைத்துக் காசு கொடுத்தீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தடவிப் பார்க்க ஓர் ஆளும், நாள் தவறாமல் குந்தி இழுக்க ஓர் ஆளும் சேர்ந்தால்தான் அது அம்மி. மிச்சமெல்லாம் ஓட்டல் வாசலில் பூ மிதக்கிற சாமான்.

அத்தை என் அப்பாவின் அக்காள். மேட்டூர் அணை திறந்த 1934இல் பிறந்தவள். அதனாலேயே அவள் வயது எங்களுக்கு மறக்காது. பத்தொன்பதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கு யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லையாம். "பாட்டி அரிசி ஊறப்போட்டிருந்தா. நான் போயி ஒக்காந்துட்டேன்" என்று சொல்வாள். அந்த ஆட்டுக்கல்தான் இப்போது கொல்லையில் கிடப்பது.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பதினான்கு பேர். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை ஆட்டுவாள். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை ஓரத்தில் ஒதுங்குகிற மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். இரண்டு கைக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடைவெளி. அவள் கண் கையில் இருக்காது, தெருவில் போகிற ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பாள். இடது கை ஒருநாளும் நசுங்கியதில்லை. உளுந்துக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடுவாள், ஊற்றமாட்டாள். போதுமா என்று பார்க்க ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவாள். மிதந்தால் எழுந்திருப்பாள். முழுகினால் இன்னும் கால்மணி. அந்தச் சொட்டு மிதக்கவேண்டும் என்று நான் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்பேன், அவள் எழுந்தால்தானே எனக்குக் கதை.

அத்தைக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள். நெல் குத்த அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள், ஒன்றோடொன்று இடிக்காது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு உஸ். அவர்கள் குத்திய அரிசி சாமியறை வரைக்கும் போகும். அவர்கள் கொல்லையோடு நிற்பார்கள். பூம்புகார்ப் பெண்கள் கரும்பை உலக்கையாக்கி முத்தைக் குத்துவதாகச் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஒரு வள்ளைப்பாட்டு, அதாவது உலக்கைப் பாட்டு, வரும். கேட்க என்ன அழகு. கரும்பால் முத்தைக் குத்தினால் கை காய்க்காது. எங்கள் உரலுக்கு வந்தவர்களில் ஒருத்தியின் உள்ளங்கையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தேங்காய் ஓட்டைத் தொட்ட மாதிரி இருந்தது. அதற்காக வீட்டில் எனக்குத் தலைமுழுக்கு.

அந்தப் பெண்கள் ரைஸ் மில் வந்ததும் நின்றுபோனார்கள். என்ன ஆனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

1984இல் நான் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோதுதான் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. தரையில் நிற்கிற பெரிய கிரைண்டர், கோயம்புத்தூர்ச் சரக்கு. மன்னார்குடியிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கியது. தெருவே வந்து பார்த்தது. அதில் ஒரு விஷயம் அத்தைக்குத்தான் முதலில் பட்டது. "இதுல கொழவி நிக்கிது, கல்லு சுத்துது" என்றாள். உண்மைதான். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கோயம்புத்தூர்க்காரர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் மோட்டாரில் மாட்டியிருந்தார்கள். முதல் மாதம் அத்தை கிரைண்டருக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மாவைத் தள்ளிவிடுகிறேன் என்று கையை நீட்டுவாள். "விடுங்க அண்ணி, அதுவே தள்ளிக்கும்" என்பாள் அம்மா.

அம்மாவின் பக்கமும் சொல்ல வேண்டும். மிளகாய் அரைப்பது அம்மாவின் பங்கு அந்தச் சமயத்தில், அத்தைக்குக் கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. பதினான்கு பேர் குழம்புக்கு மிளகாய் அரைத்த கை ராத்திரி முழுக்க எரியும். தேங்காயெண்ணெய் தடவுவாள், மோரில் கையை முக்கி வைத்திருப்பாள். என் கடைசித் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவனை இடது கையால் மட்டும் தூக்கியதைப் பார்த்து, அம்மாவுக்கு வலது கை முடியாதோ என்றுகூட நினைத்திருக்கிறேன். கிரைண்டருக்கு அடுத்த வருஷம் மிக்ஸியும் வந்தது. என் அம்மா மத்தியானத்தில் படுத்துத் தூங்கி நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். வாயைத் திறந்துகொண்டு, புடவை விலகினதுகூடத் தெரியாமல் தூங்குவாள். அந்தத் தூக்கத்தை வேண்டாம் என்று சொல்கிற எந்த மரபும் எனக்கு வேண்டாம்.

அதே வருஷம்தான் இதுவும் நடந்தது. ராத்திரி இலை போட்டாகிவிட்டது. அத்தை வரவில்லை. அப்பா கூப்பிட்டார். வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். "தம்பி, இனிமே எனக்கு ஒரு வேளை போதும்ப்பா. வேலைதான் ஒண்ணும் இல்லையே."

அப்பாவுக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் அவள் அந்த வீட்டில் தங்கை என்றும் அக்காள் என்றும் நாத்தனார் என்றும் சாப்பிடவில்லை. ஆட்டிய மாவுக்குச் சாப்பிட்டிருக்கிறாள். அது எங்கள் யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து இலையில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து அம்மா வேண்டுமென்றே வாரத்துக்கு ஒரு தரம், "கிரைண்டர்ல மாவு சரியாப் பொங்க மாட்டேங்குது அண்ணி, ஒரு ஒழக்கு உளுந்து மட்டும் கல்லுல ஆட்டித் தாங்களேன்" என்று கேட்பாள். மிதக்கிறதா என்று அத்தை சொட்டு விட்டுப் பார்ப்பாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

இதிலிருந்து கிரைண்டர் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது இலவசம் என்று கேலி செய்து எழுதினார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு படி அரிசி ஆட்டியிருப்பாரா என்று அப்போதே எனக்குக் கேட்கத் தோன்றியது. எங்கள் உரலுக்கு நெல் குத்த வந்தவளின் பேத்தி, அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போனதைப் பார்த்தேன். சாமி ஊர்வலம் போன மாதிரிப் போனாள். அடுத்த வருஷம் கரண்டே இல்லை என்பது வேறு கதை. எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. வந்தால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக் கிரைண்டரும் கடமுடவென்று கத்தும், ராத்திரி ஒரு மணியானாலும்.

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 விடியலில். அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தலைக்கு மேலேதான் போனது. விடிந்து பார்த்தால் தோப்பில் மரம் நிற்கவில்லை. தென்னை எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. மின்கம்பங்களும் அவற்றோடு. கரண்டு வர எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. மோட்டார் ஓடாது, தண்ணீர் கிடையாது, போன் கிடையாது. தேங்காய் மட்டும் கால் வைக்கிற இடமெல்லாம் கிடந்தது, எடுக்க ஆளில்லை, வாங்க ஆளில்லை. நிவாரணமாக அரிசி வந்தது. தினமும் சோறும் தேங்காய்த் துவையலும்தான். மிக்ஸி அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அம்மி எங்கே என்று தேடினோம். மோட்டார் கொட்டகைக்குப் படியாகக் கிடந்தது. புரட்டிப் போட்டுக் கழுவினோம். முப்பது வருஷமாகக் கொத்தாத கல், உங்கள் அம்மி மாதிரிதான், வழவழவென்று. என் தம்பி மனைவி எம்.எஸ்ஸி. படித்தவள், முதல் நாள் குழவியை உருட்டிப் பார்த்தாள், தேங்காய் பக்கவாட்டில் ஓடியது. எனக்கே மறந்துபோயிருந்தது. அத்தைக்கு அப்போது எண்பத்து நாலு, கண் பாதிதான் தெரியும். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "உருட்டாதடி. அமுக்கி இழு. வரும்போது அமுக்கு, போவும்போது விடு. மொதல்ல உப்பையும் மொளகாயையும் வை, தேங்காயக் கடைசியில வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் நாலு பெண்கள் முறை வைத்து அரைத்தோம். தம்பியும் ஒருநாள் அரைத்தான். அவன் அரைத்ததை வழிக்கவே முடியவில்லை, அவ்வளவு தண்ணீர்.

பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பையன், கேமரா வைத்திருந்தான், இதைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோய் அத்தையைக் கேட்டான். "பாட்டி, பழைய காலம் திரும்பி வந்த மாதிரி சந்தோஷமா இருக்கா?" அத்தை அவன் குரல் வந்த பக்கம் திரும்பி, "கரண்டு எப்ப தம்பி வருமாம்?" என்றாள்.

அடுத்த ஆடியில் போய்விட்டாள். அந்த ஆட்டுக்கல்லை அஸ்திவாரத்தில் போடுவதா, பூ மிதக்க விடுவதா என்று நான் எப்படிச் சொல்வேன்? அவள் இருந்திருந்தால் ஆயிரத்தைந்நூறை வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பாள். அதற்காக நான் சொல்லப்போவதில்லை.

உங்கள் கேள்வியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அம்மி.

விற்றவரிடமே போய்க் கேளுங்கள், கல் விற்கிறவரிடம் உளியும் இருக்கும். அம்மியோடு குழவியையும் கொண்டுபோங்கள், அம்மியை மட்டும் கொத்தினால் பிரயோஜனமில்லை. வரிசை நெருக்கமாக, ஆழம் குறைவாகக் கொத்தச் சொல்லுங்கள். அவர் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு கை நொய்யரிசியும் ஒரு கை கல்லுப்பும் வைத்து மையாக அரைத்து எடுத்துக் கொட்டிவிடுங்கள். சாம்பல் நிறமாக வரும். மறுநாள் மறுபடியும். மூன்றாம் நாள் அரைத்ததை விரலில் தொட்டுப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். நெருடினால் இன்னொரு நாள். மூன்று நாளும் நீங்களே அரையுங்கள், வீட்டில் யாரையும் கூப்பிடாதீர்கள். உருட்டக்கூடாது, அமுக்கி இழுக்க வேண்டும். நாலாம் நாள் மிளகாய் வைக்கலாம். பரணில் இருக்கிற மிக்ஸியை அதற்குள் இறக்கி, உங்கள் மனைவி கை எட்டுகிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

மிளகாய் அரைத்த அன்றைக்குக் குழந்தையை இடது கையால் தூக்குங்கள்.